அடி வாங்கிக் கற்ற தமிழில் என் மகளுக்கு

மகளே,

இந்தக் கடிதத்தைப் படிக்கிற உன்னை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவள் இப்போது என் எதிரே தரையில் உட்கார்ந்து, முறத்தில் கிடக்கும் புளியங்கொட்டையை எடுத்து வாயில் போடப் பார்க்கிறாள். அவளுக்கு ஒன்றே கால் வயது. எனக்குப் பத்தொன்பது. உனக்கும் பத்தொன்பது ஆகும் நாளில் இதை உன் கையில் கொடுக்க வேண்டும் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். நான் நாலு பேர் முன்னால் பேசத் தெரிந்தவள் இல்லை. பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தாலும் "நிறுத்துங்க" என்று சொல்ல வாய் வராமல், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்து வந்திருக்கிறேன். எழுதும்போது அந்தப் பயம் இல்லை. எழுதி முடித்தபின் இது வேறு யார் கையில் கிடைத்தாலும் படித்துக்கொள்ளட்டும். என் அம்மா படித்தாலும் படிக்கட்டும். இந்தத் தமிழ் அவள் கற்றுக்கொடுத்ததுதான்.

வெள்ளிக்கிழமை உன் அப்பாவும் நானும் போபாலுக்கு ரயிலேறுகிறோம். அங்கே ஒரு புதிய ஆலை கட்டுகிறார்கள். உன் அப்பாவுக்கு வெல்டர் வேலை. நீயும் வருகிறாயா, இல்லை திருச்சியில் என் அம்மாவிடம் இருக்கப் போகிறாயா என்பதுதான் பத்து நாளாக இந்த வீட்டில் நடக்கிற சண்டை. "புள்ளய எங்கிட்ட விட்டுட்டுப் போடி" என்று அம்மா தினமும் தென்னூரிலிருந்து திருவானைக்காவலுக்கு வந்து நிற்கிறாள். உன் அப்பா, "அங்க குடும்பத்துக்கு வீடு கெடைக்க ஆறு மாசமாவது ஆகும் புள்ள, ஷெட்டுலதான் இருக்கணும். யோசிச்சு முடிவு பண்ணு" என்று என் தலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ஆறு மாதம்தானே என்று நீ கேட்கலாம். அம்மா கேட்பது ஆறு மாதம் இல்லை. அவள் கேட்பது உன்னை. ஏன் என்னால் உடனே முடியாது என்று சொல்ல முடியவில்லை, ஏன் சரி என்றும் சொல்ல முடியவில்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

என் அம்மா மணப்பாறைப் பக்கத்து ஊர்க்காரி. பதினாறு வயதில் கல்யாணம் கட்டிக்கொண்டு என் அப்பாவுடன் ரங்கூனுக்குக் கப்பலேறினாள். அப்பா அங்கே மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தார். நான் அங்கேதான் பிறந்தேன், அங்கேதான் எட்டாவது வரை படித்தேன். வீட்டுக்குள் அம்மா தமிழில் கேட்பாள், நான் பர்மியத்தில் பதில் சொல்வேன். அவளை அமே என்றுதான் கூப்பிடுவேன். அப்போதெல்லாம் அவள் அடித்ததே இல்லை, சிரிப்பாள். அப்பா காய்ச்சலில் செத்துப்போனார். அதற்கு மறுவருஷம், இந்தியாக்காரர்கள் எல்லாரும் கிளம்ப வேண்டியதுதான் என்று ஆனபோது நாங்களும் கிளம்பினோம். துறைமுகத்தில் சோதனைக்காரர்கள் அம்மாவின் காதுத் தோடு இரண்டையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். ஒரு திருகு வரவில்லை. அதை முறுக்கி இழுத்ததில் காது கிழிந்து கழுத்து வரை ரத்தம் வழிந்தது. அம்மா ஒரு சத்தம் போடவில்லை. கப்பல் நகர்ந்தபின் என்னைப் பார்த்து, "இனி அந்தப் பாஷை ஒன் வாயிலேர்ந்து வரக்கூடாது" என்றாள். அவள் எனக்குப் போட்ட முதல் கட்டளை அதுதான். எனக்கு அப்போது பதினாலு வயது.

மணப்பாறையில் அம்மாவின் அண்ணன், என் மாமா, மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தார். அவர் வீட்டில்தான் போய் இறங்கினோம். மாமா நல்லவர்தான், ஆனால் வீட்டில் பேச்சு அத்தையுடையது. எங்கள் இரண்டு பேருக்கும் தனியாக இரண்டு அலுமினியத் தட்டு. அது மாட்டுக் கொட்டகைப் பக்கம் சுவரில் சாய்த்து வைத்திருக்கும். "கப்பல்ல என்னென்னத்தத் தின்னுட்டு வந்தாங்களோ" என்று அத்தை பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது எங்கள் காதில் விழும், விழ வேண்டும் என்றுதான் சொல்வாள். ஒருநாள் நான் கிணற்றடியில் கால் வழுக்கி விழுந்து "அமே" என்று கத்திவிட்டேன். அத்தை சிரித்துக்கொண்டே, "என்ன செல்லாயி, ஒம்மக ஆடு மாதிரி கத்துறா" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அம்மா வந்தாள், என்னைத் தூக்கிவிட வருகிறாள் என்று கையை நீட்டினேன். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால், வாய் மேலேயே அறைந்தாள். உதடு கிழிந்தது. அதுதான் முதல் அடி. அடித்துவிட்டு அத்தையைத்தான் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. அது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பிறகு தென்னூரில் ஒரு அறை பிடித்து வந்தோம். சாயங்காலத்தில் அம்மா தெருமுனையில் அடுப்பு வைத்து அத்தோ விற்றாள். சேமியாவைவிடத் தடித்த மாவு நூலில் முட்டைக்கோசும் பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் மிளகாய்த்தூளும் போட்டுக் கையால் பிசைந்து கொடுப்பது. ரங்கூன் தெருக்களில் தின்றது. திருச்சியில் அப்போது அது புதிது, கூட்டம் வந்தது. பகலில் என் வாயிலிருந்து பர்மாவை அடித்து விரட்டுவாள், சாயங்காலம் பர்மாவைத் தட்டில் வைத்து விற்பாள். இதை நான் ஒருநாள் கேட்டும்விட்டேன். தோசைக் கரண்டியால் முழங்காலில் அடித்தாள். ஒரு வாரம் நொண்டினேன்.

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். தமிழ் எழுதத் தெரியாததால் ஐந்தாம் வகுப்பில் ஒன்பது வயதுப் பிள்ளைகளுடன் உட்கார வைத்தார்கள். என் முட்டி பெஞ்சில் இடிக்கும். பேர் கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்ல வேண்டும், என் வாயில் பர்மியத்தில் "ஹொக்கே" என்றுதான் வரும், வகுப்பே கூச்சல் போடும். பிறகு வாயே திறக்காமல் இருந்தேன். மூன்று மாதத்தில் அம்மா நிறுத்திவிட்டாள். "வயசுக்கு வந்த புள்ள, சில்லுண்டிங்ககூட ஒக்காந்து என்னத்தப் படிக்கிறது, நானே சொல்லித் தரேன்" என்றாள். மதியம் அடுப்பு வேலை முடிந்ததும் சிலேட்டுடன் உட்கார்வோம். தப்பாக எழுதும் ஒவ்வோர் எழுத்துக்கும் உள்தொடையில் ஒரு கிள்ளு, கிள்ளி ஒரு திருகு. பர்மியச் சொல் ஒன்று வந்துவிட்டால் மிளகாய்ப் புகை. இரும்புக் கரண்டியில் தணலை எடுத்து அதில் நாலு மிளகாயைப் போட்டு, என் தலைமேல் ஈரத் துண்டைப் போர்த்தி முகத்தை அதன்மேல் அமுக்குவாள். கண்ணும் மூக்கும் தொண்டையும் ஒன்றாகப் பற்றி எரியும். மூச்சு வாங்கினால் இன்னும் எரியும், வாங்காமலும் இருக்க முடியாது. விட்டபின் கண்ணைக் கழுவிவிட்டு மோர் கொடுப்பாள். கொடுத்துக்கொண்டே சொல்வாள்: "இந்த ஊர்ல நம்மள வெளிய தள்ளுறதுக்குன்னே வாசல்ல நிக்கிறாங்கடி. ஒரு எடத்துலேர்ந்து தள்ளியாச்சு. இங்கேர்ந்தும் தள்ளுனா எங்க போவ, கடலுக்கா?" அப்போது அந்தப் பேச்சு எனக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தாலும் எரிச்சல் குறைந்திருக்காது. உனக்கு ஒன்று சொல்கிறேன், யாராவது உன்னை அடித்துவிட்டு அதற்குக் காரணமும் சொன்னால், காரணத்தைக் கேட்டுக்கொள். காரணம் உண்மையாகவே இருக்கலாம். அதற்காக அடி சரியாகிவிட்டது என்று மட்டும் நினைக்காதே.

என்னை மாமா மகனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டால் நாங்கள் மறுபடி ஊர்க்காரர்கள் ஆகிவிடுவோம் என்று அம்மா நினைத்தாள். முறை மாப்பிள்ளை, கேட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியாது என்பது அவள் கணக்கு. அவருக்கு முப்பது வயது. சந்தையில் ஒரு காளை படுத்துக்கொண்டு எழுந்திருக்காததற்காக, அதன் வாலை மடித்து எலும்பு நொறுங்கும் வரை அவர் கடித்ததை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்ல எத்தனையோ தடவை வாயைத் திறந்தேன். வரவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு அவர்கள் எல்லாரும் ஸ்ரீரங்கத்துக்குக் காவிரிக்கு வருவதாகவும், அம்மா மண்டபத்துப் படித்துறையில் வைத்துப் பார்த்துப் பேசி பூ வைத்துவிட்டுப் போவதாகவும் மாமா சொல்லி அனுப்பினார். அம்மா புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டாள். எனக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பட்டுப் புடவை வாங்கிக் கட்டிவிட்டாள். "அத்த கால்ல நல்லா விழுந்து கும்புடு. வாயத் தொறக்காத, அது போதும்" என்றாள்.

படித்துறையில் கால் வைக்க இடம் இல்லை. புது வெள்ளம் மண் நிறத்தில் போனது. பெண்கள் கருகமணியும் காதோலையும் தண்ணீரில் விட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளிக் கீழ்ப் படியில், அந்தக் கூட்டத்திலும், யாரோ செத்தவருக்காகப் பிண்டம் கரைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். "பர்மாவுல பொம்பளைங்கள்லாம் சுருட்டுக் குடிப்பாங்களாமே. எங்க, பல்லக் காட்டு பாப்போம்" என்றாள். மாமா, "சும்மா இரு" என்றார். மாமா மகன் சிரித்தார். நான் பல்லைக் காட்டினேன். அம்மா என் முதுகில் விரலால் குத்தினாள், கும்பிடு என்று.

பர்மாவில் பெரியவர்களைக் கும்பிடுவது எப்படி என்றால், மண்டியிட்டு, குவித்த கையை நெற்றிக்குக் கொண்டுபோய், முழங்கையும் நெற்றியும் தரையில் படும்படி குனிய வேண்டும். அதை மூன்று தடவை செய்ய வேண்டும். பெற்றவர்கள், வாத்தியார், பிக்கு எல்லாருக்கும் அதுதான் பெரிய மரியாதை. எட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கும்பிட்டேன். அன்று பயத்தில் என் உடம்புக்குத் தெரிந்தது அதுதான். ஈரப் படியில் மண்டியிட்டு ஒரு தடவை குனிந்து எழுந்தேன். அத்தையின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அவள் பார்வை கீழ்ப் படிக்குப் போய்த் திரும்பியது. இங்கே நிறுத்தியிருக்கலாம். யாரிடமும் இதுவரை நான் சொல்லாதது இதுதான்: முதல் தடவை பழக்கத்தில் செய்தது, அடுத்த இரண்டும் நான் வேண்டுமென்றே செய்தவை. அவள் முகம் என்ன சொல்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தபின், முன்னைவிட மெதுவாக, நெற்றி நன்றாகக் கல்லில் படும்படி இன்னும் இரண்டு தடவை விழுந்தேன்.

"நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று அத்தை கத்தினாள். "அங்க பாரு செல்லாயி, பிண்டம் கரைக்கிறவன் விழுறான், இங்க ஒம்மக விழுறா. மூணு தரம்! நல்ல நாளும் அதுவுமா எனக்குக் கருமாதி பண்ணுறா!"

"அண்ணி, அது தெரியாம..."

"என்ன தெரியாம? வளத்தது நீதான? எம்மவனுக்குப் பொண்ணு வேணுமின்னா மணப்பாறையில மாடு மேய்க்கிறவ கெடைப்பா, இது வேணாம்."

எனக்குப் பிடிக்கவில்லை என்பதை நான் வாயால் சொல்லியிருக்க வேண்டும், மகளே. சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும், அவ்வளவுதான். நான் சொல்லாமல் குனிந்து கும்பிட்டேன். அதில் அவமானப்பட்டது அத்தை இல்லை, என் அம்மா. உனக்கு வேண்டாததை வேண்டாம் என்று சத்தமாகச் சொல். நான் கேட்கிற மாதிரி சொல்.

அம்மா என் பின்னலைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு படியில் இழுத்தாள். நான் நடக்கவில்லை, படி படியாக முட்டி இடிபட்டுத்தான் மேலே போனேன். இரவல் புடவை கிழிந்தது. ஒரு மாமி, "ஏம்மா, பண்டிகை நாளும் அதுவுமா பொண் கொழந்தைய இப்படி அடிக்கலாமோ?" என்றாள். "பெத்தவ அடிக்கிறேன், நீங்க போய் முழுகுங்க" என்றாள் அம்மா. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், பார்ப்பவர்களுக்குப் பாசமாகப் பிடித்திருப்பது போல. நகம் நாலும் உள்ளே இறங்கியிருந்தது. தென்னூர் வந்து இறங்கியபோது என் உள்ளங்கை வரை ரத்தம்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அடுப்பைப் பற்ற வைத்து எண்ணெய்ச் சட்டியை ஏற்றினாள். சாயங்காலக் கடைக்கு வெங்காயம் பொரிக்க வேண்டும். அடி முடிந்தது என்று நினைத்து நான் வெங்காயம் அரியப் போனேன். அவள் கரண்டியை அடுப்பு வாயில் செருகி வைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. எண்ணெய் காய்ந்தபோது கரண்டியும் சிவந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து என் தாடையைப் பிடித்தாள். "நாக்க நீட்டு" என்றாள். அவள் முகம் அழுதுகொண்டிருந்தது, கை நடுங்கவில்லை. "வேணுமின்னுதான பண்ணுன? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நீட்டுடி!" நான் இரண்டு கையாலும் அவளைத் தள்ளினேன். அவளுக்குப் பின்னால் சட்டி இருந்தது. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் தள்ளினேன். அவள் பக்கவாட்டில் சாய்ந்தபோது இடது கை முழங்கை வரை எண்ணெய்க்குள் போனது.

அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. தோல் கையுறை மாதிரி கழன்று வந்தது. அக்கம்பக்கத்தார் ஓடி வந்து கேட்டபோது அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "சட்டி சாஞ்சிருச்சு, நாந்தான் பாக்கல" என்றாள். ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னாள். இன்றைக்கு வரை அதையேதான் சொல்கிறாள். அவள் படுத்திருந்த நாட்களில் நான் தனியாகக் கடை போட்டேன். திரும்பி வந்தபின் அவள் என்னை அடிக்கவே இல்லை. பேசவும் இல்லை. "தண்ணி எடு", "ஒல வை", அவ்வளவுதான். ஒரே அறையில் இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்துக்கு மிளகாய்ப் புகையே தேவலை என்று தோன்றிய நாட்கள் உண்டு. திருவெறும்பூரில் வேலை பார்த்த உன் அப்பா சனிக்கிழமைகளில் கடைக்குச் சாப்பிட வருவார். ஒருநாள் அம்மாவிடம் நேராக, "ஒங்க பொண்ணக் கட்டிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். அவருக்கென்று யாரும் இல்லை. என்னைக் கேட்டு வருவதற்கும் யாரும் இல்லை. அம்மா, "அது பேசாதுங்க" என்றாள். "பரவாயில்லீங்க, நான் பேசிக்கிறேன்" என்றார் அவர். அப்படித்தான் கல்யாணம் நடந்தது.

நீ பிறந்தபின்தான் அம்மா பேச ஆரம்பித்தாள், என்னிடம் இல்லை, உன்னிடம். உன்னைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது ஊர்க்கதை முழுவதும் சொல்வாள். வெந்த கையால் உன் தலையைத் தாங்கிக்கொள்வாள், நீ அந்தச் சுருங்கிய தோலைப் பிடித்து இழுப்பாய். நான் வாசலில் நின்று பார்ப்பேன். பொறாமையாக இருக்கும். இவள் எனக்கு ஏன் இப்படி இருக்கவில்லை என்று இருக்கும்.

இன்னொன்றும் எழுதிவிட வேண்டும். பத்துப் பதினோரு நாளைக்கு முன் ஒரு மதியம் நீ சோற்றை வாயில் வைத்துக்கொண்டு என் முகத்தில் துப்பினாய். மூன்றாவது தடவை துப்பியபோது உன் தொடையில் அறைந்தேன். அறைந்த கையை எடுத்தபின் ஐந்து விரலும் அங்கேயே இருந்தன. அதைவிடப் பெரிய பயம், இன்னொன்று அறைய வேண்டும் என்று கை துடித்தது. நீ அழாமல் என்னையே பார்த்தாய். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். அம்மா வந்து பார்த்தபோது "எறும்பு கடிச்சிருச்சு" என்றேன். அம்மா அந்த விரல் தடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மறுநாளிலிருந்துதான் உன்னைத் தன்னிடம் விட்டுப்போகச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தாள்.

அதனால்தான் எனக்குப் பதில் வரவில்லை. என்னை அடித்தவளிடம் உன்னை எப்படி விடுவது என்று ஒரு பக்கம். உன்னை அடிக்கப் போகிறவள் யார் என்று இன்னொரு பக்கம். இன்று திங்கட்கிழமை. உன் வாயிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுக்க வேண்டும், பிறகு எழுதுகிறேன்.

இன்று வியாழன். செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா வந்தாள். நான் டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன், உன் சட்டைகள் மேலாக இருந்தன. அதைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மாறிவிட்டது.

"அப்ப கூட்டிட்டுப் போறதுன்னே முடிவு பண்ணிட்ட?"

"ஆமாம்மா" என்றேன். எனக்கே தெரியாமல் வந்துவிட்டது.

"அந்த ஊர்ல அது இந்தி பேசும்டி. நீ தமிழ்ல கேப்ப, அது இந்தியில பதில் சொல்லும். மொதல்ல சிரிப்பா இருக்கும். பெறகு ஒருநாளு நம்ம வயித்துல பொறந்தது வேத்து ஆளு மாதிரி எதுக்க நிக்கும். அப்பத் தெரியும் ஒனக்கு. நான் ஒன்ன அந்த ஊர்ல வளத்துப் பட்டது போதும்."

"அதுக்கு நான் என்னம்மா பண்ணுனேன்? நீ கூட்டிட்டுப் போன ஊர்லதான நான் பொறந்தேன்? அதுக்கா எம் மூஞ்சில புகை போட்ட? நாக்குல சூடு வைக்க வந்த?"

"வச்சனா? நீதான் வச்ச எனக்கு!" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினாள். நாலு வருஷத்தில் அதைப் பற்றி அவள் பேசியது அப்போதுதான். "நீ அடிக்க மாட்டியோ? எறும்பாம்ல எறும்பு! அஞ்சு வெரல் உள்ள எறும்ப நான் பாத்ததில்லடி."

பெட்டியை எட்டி உதைத்தாள். அது கவிழ்ந்தது. நான் அவளைத் தள்ளினேன், அவள் என் கன்னத்தில் அறைந்தாள், நான் அவள் கையைப் பிடித்து முறுக்கினேன். வெந்த கையை. நாங்கள் போட்டது பெண்கள் சண்டை மாதிரியே இல்லை. நீ தவழ்ந்து வந்து நடுவில் நின்று அழுதாய். அம்மா உன்னைத் தூக்க உன் இடது கையைப் பிடித்தாள். நான் வலது கையைப் பிடித்தேன். "விடு" என்றாள். "நீ விடு" என்றேன். எத்தனை நொடி என்று தெரியாது. நீ வீறிட்டாய், அந்த அழுகை வேறு மாதிரி இருந்தது. இரண்டு பேரும் ஒன்றாக விட்டோம். உன் வலது கை செத்த பாம்பு மாதிரி தொங்கியது. தொட்டால் கத்தினாய்.

குதிரை வண்டி பிடித்து, பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் நீ அம்மா மடியில். நான் உன் கையைத் துணியோடு சேர்த்துத் தாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் கன்னத்திலும் கழுத்திலும் இருந்த நகக் கீறல்களை வண்டிக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா. உன்னைப் பார்த்ததும், "முழங்கை மூட்டு விலகியிருக்கு. புள்ள கையப் புடிச்சு இழுத்தது யாரு?" என்றார்.

"நாந்தாங்க" என்றாள் அம்மா. கேட்டு முடிக்கும் முன்பே சொல்லிவிட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். அந்த அறையில் பத்துப் பேர் இருந்தார்கள். "இல்லீங்க. வலது கை எங்கிட்ட இருந்துச்சு. இழுத்தது நான்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, சத்தமாக இருந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரா இருந்தாலும் புள்ளயப் புடிங்க" என்றார் டாக்டரம்மா. அம்மா உன் தோளைப் பிடித்தாள், நான் காலைப் பிடித்தேன். அவர் உன் உள்ளங்கையை மேலாகத் திருப்பி முழங்கையை மடித்தார். உள்ளே ஏதோ பொருந்திய சின்னச் சத்தம். நீ ஒருமுறை அலறினாய். கொஞ்ச நேரத்தில் அதே கையால் டாக்டரம்மாவின் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுத்தாய். "இனிமே கையப் புடிச்சுத் தூக்காதீங்க. ஒருதரம் விலகுன மூட்டு, மறுபடி சுலபமா விலகும்" என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பும்போது நீ தூங்கிவிட்டாய். பாலத்தில் வண்டி மெதுவாகப் போனது. அம்மா காவிரியைப் பார்த்துக்கொண்டே, "கூட்டிட்டுப் போ" என்றாள். பாலம் முடியப் போகும்போது மறுபடி சொன்னாள்: "அது என்ன பாஷ பேசுனாலும் பேசட்டும். அடிக்காத."

"சரிம்மா" என்று சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் வந்த குரல் அங்கே வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவள் அதைப் பார்த்தாளா என்று தெரியாது. உன் தலை சாயாமல் இருக்க வெந்த கையை மடித்து அண்டக் கொடுத்திருந்தாள்.

நாளைக்கு ரயில். நீ வருகிறாய். அங்கே உன் வாயிலிருந்து முதல் இந்திச் சொல் வரும்போது நான் சிரிப்பேன் என்று நினைக்கிறேன். பத்து வருஷம் கழித்து என்ன செய்வேன் என்று தெரியாது. அன்று தலையை ஆட்டியதைக் காப்பாற்றினேனா இல்லையா என்பது, இதைப் படிக்கிற உனக்குத்தான் தெரியும். காப்பாற்றியிருந்தால் இந்தக் காகிதத்தை மடித்துப் பெட்டியில் போட்டுவிடு. இல்லையென்றால், நான் தடுத்தாலும் நிற்காதே, திருச்சிக்கு ரயிலேறு. தென்னூரில் போய் அத்தோக் கடைச் செல்லாயி என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். உனக்கு எந்த மொழி வருகிறதோ அந்த மொழியிலேயே அவளிடம் சொல். அவள் புரிந்துகொள்வாள். புரிந்துகொண்டு, என்னைக் கேட்க நேராக ரயிலேறி வருவாள்.